புரதக் குடும்பங்களின் ஒப்புமையைப் படமாக வரைதல்: இரண்டு தீவுகளை இணைக்கும் ஒற்றைக் கணுவை நம்பலாமா?

ஆய்வு_தொடக்கம்:

அனைவருக்கும் வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஆக்டின், பாக்டீரியாவில் அதற்கு இணையாகக் கருதப்படும் எம்ரீ-பி, பாக்டீரியாவின் செல் பிரிவில் பங்கேற்கும் எஃப்டிஎஸ்-ஏ, வெப்ப அதிர்ச்சிப் புரதமான ஹெச்எஸ்பி70, குளுக்கோஸின்மீது பாஸ்பேட்டை ஏற்றும் ஹெக்சோகைனேஸ் ஆகிய ஐந்து குடும்பங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்பது என் ஆய்வேட்டின் முதல் இயலுக்கான தேவை. யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்திலிருந்து 2,000 அமினோ அமிலத் தொடர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் பிளாஸ்ட் என்ற தொடர் ஒப்பீட்டு நிரலால் ஒப்பிட்டு, ஈ-மதிப்பு 10⁻⁵-க்குக் கீழே உள்ள பொருத்தங்களை மட்டும் கோடுகளாக வைத்துக்கொண்டு சைட்டோஸ்கேப் என்ற வலையமைப்பு வரையும் நிரலில் வரைந்தேன். படத்தில் ஒவ்வொரு புரதமும் ஒரு கணு, அதாவது ஒரு புள்ளி.

ஐந்து தீவுகள் தெளிவாகப் பிரிந்து வந்தன. ஆக்டின் தீவையும் ஹெச்எஸ்பி70 தீவையும் மட்டும் நடுவில் நிற்கும் ஒரே ஒரு கணு இணைக்கிறது. இந்த இரண்டு குடும்பங்களுக்கும் முப்பரிமாண வடிவில் உறவு உண்டு என்று படித்திருப்பதால், அந்தக் கணுவைக் கண்டதும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி ஏற்பட்டது; தொடர் அளவிலேயே உறவுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். ஆனால் ஈ-மதிப்புக்கான அந்த எல்லையை, அதாவது வெட்டுமதிப்பை, 1 வரை தளர்த்தினால் எல்லாத் தீவுகளும் கலந்து சிக்குப் பிடித்த நூற்கண்டாகி விடுகின்றன. என் நெறியாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவற்றுள் எது உண்மை?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. எந்த வெட்டுமதிப்பு சரியானது, அந்த ஒற்றைக் கணுவைச் சான்றாகக் காட்டலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

வலைக்கணு:

வணக்கம். முதலில் ஈ-மதிப்பைப் பற்றிய கணக்கை நேர்செய்துகொள்வோம், ஏனென்றால் உங்கள் முதல் கேள்வி அதில்தான் தங்கியிருக்கிறது. ஈ-மதிப்பு என்பது இரண்டு புரதங்களுக்கு இடையிலான உறவின் அளவு அன்று. இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் தேடும்போது இந்த அளவுக்கு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அது. தேடும் தொடரின் நீளத்தைத் தரவுத்தளத்தின் மொத்த நீளத்தால் பெருக்கி, பிட் மதிப்பெண் (பொருத்தத்தின் தரத்தைக் காட்டும், தரவுத்தளத்தின் அளவைச் சாராத எண்) எத்தனையோ அத்தனை முறை இரண்டால் வகுத்தால் ஈ-மதிப்பு கிடைக்கும். 375 அமினோ அமிலம் நீளமுள்ள ஆக்டினுக்கு 50 பிட் பொருத்தம் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போன்ற, மொத்தம் பத்து லட்சம் அமினோ அமிலங்கள் கொண்ட தொகுப்பில் அதன் ஈ-மதிப்பு சுமார் 3.3 × 10⁻⁷ ஆகும்; அதே பொருத்தத்தைப் பத்தாயிரம் கோடி அமினோ அமிலங்கள் கொண்ட தரவுத்தளத்தில் கண்டால் 0.033 ஆகிவிடும். பொருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் உங்கள் படத்தில் கோடு இருக்கும், மற்றவர் படத்தில் இருக்காது. ஆகவே வெட்டுமதிப்பைப் பிட் மதிப்பெண்ணாகச் சொல்லுங்கள். ஈ-மதிப்பைத்தான் சொல்வீர்கள் என்றால் தொகுப்பின் அளவையும் கூடவே எழுதுங்கள்.

சரியான வெட்டுமதிப்பு என்று ஒன்று இல்லை. 2009-இல் அட்கின்சன், பாபிட் குழுவினர் இவ்வகை வலையமைப்புகளைப் பெரிய புரதக் குடும்பங்களுக்குப் பயன்படுத்திக் காட்டியபோதும், ஒரே தரவைப் பல வெட்டுமதிப்புகளில் வரைந்து, எந்த இடத்தில் எது பிரிகிறது என்பதைப் பார்ப்பதே முறையாக இருந்தது. தளர்வான மதிப்பில் பெருங்குடும்பம் தெரியும். இறுக்க இறுக்க உட்குடும்பங்கள் உதிரும். ஒரு படம் போதாது, நான்கு படங்களாவது வேண்டும் என்று உங்கள் நெறியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த ஒற்றைக் கணுவைப் பற்றி எனக்குப் பலமான ஐயம் இருக்கிறது. ஹெச்எஸ்பி70 குடும்பத்தின் மற்ற நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுள் ஒன்றுகூட ஆக்டினைத் தொடாதபோது, ஒரே ஒரு புரதம் மட்டும் இரண்டு பக்கமும் வலுவாகப் பொருந்துவது எப்படி? பிளாஸ்ட் பகுதிப் பொருத்தத்தைத் தேடும் நிரல் என்பதை மறந்துவிடக் கூடாது. எஸ்ஆர்சி என்ற புரதத்தில் எஸ்ஹெச்3, எஸ்ஹெச்2, கைனேஸ் என்று மூன்று களங்கள் (தனித்தனியே மடிந்து தனி வேலை செய்யும் பகுதிகள்) வரிசையாக அமைந்திருக்கின்றன. அதை வலையமைப்பில் சேர்த்தால் எஸ்ஹெச்3 மட்டுமே உள்ள புரதமும், கைனேஸ் மட்டுமே உள்ள புரதமும் அதன் வழியாக இணைந்துவிடும். அவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை. ஒரு கை இவரையும் மறு கை அவரையும் பிடித்திருப்பதால் அந்த இருவரும் உறவினர் ஆகிவிடுவதில்லை. எனவே படத்தை விட்டுவிட்டு, பிளாஸ்ட் வெளியீட்டில் அந்தக் கணுவின் இரண்டு பக்கக் கோடுகளும் எந்த எண் முதல் எந்த எண் வரை பொருந்துகின்றன என்பதை எடுத்துப் பாருங்கள். ஒரே பகுதி இரண்டு பக்கமும் பொருந்துகிறதா, வேறு வேறு பகுதிகளா என்பதுதான் கேள்வி.

படிகக்கண்:

நான் முப்பது ஆண்டுகளாகப் புரதப் படிகங்களோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வலைக்கணு எழுப்பும் ஐயம் நியாயமானது, ஆனால் அதைப் படித்துவிட்டு இந்தக் குடும்பங்களுக்கு உறவே இல்லையோ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உறவு மிக உறுதியானது.

1990-இல் இரண்டு புரதங்களின் முப்பரிமாணக் கட்டமைப்புகள் வெளிவந்தன. ஒன்று கப்ஷ், ஹோம்ஸ் குழுவினர் கண்ட ஆக்டின். மற்றொன்று ஃபிளாஹெர்ட்டி, மெக்கே குழுவினர் கண்ட ஹெச்எஸ்பி70 குடும்பத்தைச் சேர்ந்த ஹெச்எஸ்சி70 புரதத்தில், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் சிதைக்கும் பகுதி. தசையை இயக்கும் புரதமும், மடிப்பு குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதமும் ஒன்றுபோல இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 1991-இல் அந்த இரு குழுவினரும் சேர்ந்து ஒன்றை மற்றொன்றின்மேல் பொருத்தியபோது, சுமார் 240 அமினோ அமிலங்களின் முதுகெலும்பு 2.3 ஆங்ஸ்ட்ரோம் சராசரி விலகலுக்குள் ஒன்றியது. அந்த 240 இடங்களில் இரண்டிலும் ஒரே அமினோ அமிலம் இருந்த இடங்கள் 40-க்கும் குறைவு. இந்த அளவு ஒற்றுமையைத் தொடரை மட்டும் பார்க்கும் இணை ஒப்பீடு பிடிக்காது; அது அந்தி வெளிச்சம் என்று நம் துறையில் சொல்லப்படும் 20 முதல் 35 விழுக்காட்டு எல்லைக்கும் கீழே இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1992-இல் போர்க், சாண்டர், வலென்சியா மூவரும் அந்த ஒன்றிய இடங்களிலிருந்து பாஸ்பேட் 1, இணைப்பு 1, பாஸ்பேட் 2, இணைப்பு 2, அடினோசின் என்று ஐந்து குறுவடிவங்களை (குடும்பங்களில் பெரிதும் மாறாமல் வரும் சிறு தொடர்த் துண்டுகளை) தொகுத்து, அவற்றைக் கொண்டு தேடி, பாக்டீரியாவின் எஃப்டிஎஸ்-ஏ, எம்ரீ-பி ஆகியவையும் இதே மடிப்பைக் கொண்டிருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எஃப்டிஎஸ்-ஏ கட்டமைப்பு 2000-இலும், எம்ரீ-பி கட்டமைப்பு 2001-இலும் வெளிவந்து அதை மெய்ப்பித்தன. முழுத் தொடரின் மதிப்பெண் காட்டாத உறவை ஐந்து சிறு இடங்கள் காட்டின. ஆய்வு_தொடக்கம், உங்கள் படம் அந்த ஐந்து இடங்களைக் கண்ணுக்குக் காட்டுமானால் அதுவே சரியான படம் என்பது என் கருத்து.

நிரல்வழி:

நண்பர்களே, இணை ஒப்பீட்டையே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். புரத மொழி மாதிரிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஈஎஸ்எம்-2-இன் 65 கோடி அளபுருக்கள் கொண்ட வடிவம் ஒவ்வொரு புரதத்தையும் 1,280 எண்கள் கொண்ட திசையனாகத் தரும். அந்தத் திசையன்களை யூமேப் என்ற பரிமாணச் சுருக்க முறை வழியாக இரு பரிமாணத்துக்குச் சுருக்கினால், வெட்டுமதிப்பு என்ற சிக்கலே இல்லாமல் குடும்பங்கள் தாமாகவே கூடி நிற்கும். நான் வேறொரு நொதித் தொகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்ட் வலையமைப்பில் தனித்தனியாகக் கிடந்த உட்குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. 2,000 புரதங்களுக்கு நல்ல வரைகலை அட்டை ஒன்று இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வலைக்கணு:

நிரல்வழி அவர்களுக்கு: அந்தத் திசையன்களைத் தேடலுக்குப் பயன்படுத்துவதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். படத்தைப் பொறுத்தவரை மட்டும் உடன்பட முடியவில்லை. வெட்டுமதிப்பு மறைந்துவிடவில்லை, அது அண்டைப் புள்ளிகளின் எண்ணிக்கை என்ற வேறு பெயரில் யூமேப்பின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை 5 என்று வைத்தால் ஒரு படம், 50 என்று வைத்தால் வேறொரு படம். யூமேப்பும் டி-ஸ்னியும் அருகில் இருப்பவற்றை அருகில் வைக்க முயலும் முறைகள். இரண்டு கூட்டங்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் அகலத்துக்கு அவை பொறுப்பேற்பதில்லை. ஆனால் படம் பார்ப்பவர் அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் படிப்பார்.

இதே குறை என் வலையமைப்புகளுக்கும் உண்டு. ஒன்றுக்கொன்று சம தொலைவில் உள்ள மூன்று குடும்பங்களைத் தாளில் சமபக்க முக்கோணமாக வரைந்துவிடலாம். நான்காவது ஒன்று மூன்றுக்கும் அதே தொலைவில் இருந்தால் அதைத் தாளில் வைக்க இடமே இல்லை. நான்முகியாகத் தாளை விட்டு மேலே எழும்ப வேண்டும். நம் ஐந்து குடும்பங்களும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கின்றன. 2004-இல் ஃப்ரிக்கி, லூபாஸ் இருவரும் வெளியிட்ட க்ளான்ஸ் நிரலானாலும் சைட்டோஸ்கேப்பானாலும், கோடுகளை இழுவிசையாகவும் கணுக்களை ஒன்றையொன்று தள்ளுபவையாகவும் கொண்டு ஒரு சமநிலையைத் தேடுகின்றன. தொடக்க இடங்களை மாற்றினால் தீவுகள் இடம் மாறும். ஒரே தரவை ஐந்து முறை வரைந்து பாருங்கள்: எந்தத் தீவு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுமானால், அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

ஆய்வு_தொடக்கம்:

வலைக்கணு அவர்களுக்கும் படிகக்கண் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அந்தக் கணுவைத் திறந்து பார்த்தேன். என் மகிழ்ச்சி தவறான இடத்தில் இருந்திருக்கிறது.

அது ஒரு பூஞ்சையின் மரபணுத்தொகையிலிருந்து தானியங்கி முறையில் கணிக்கப்பட்ட, எவரும் கையால் சரிபார்க்காத பதிவு. நீளம் 1,043. ஆக்டின் பக்கம் போகும் கோடுகள் எல்லாம் 1 முதல் 370 வரையிலான பகுதியிலிருந்து வருகின்றன. ஹெச்எஸ்பி70 பக்கம் போகும் கோடுகள் எல்லாம் 405 முதல் 1,038 வரையிலான பகுதியிலிருந்து வருகின்றன. ஒரே ஓர் எழுத்துகூட இரண்டு பக்கமும் பங்கேற்கவில்லை. நெருங்கிய இனங்களின் மரபணுத்தொகைகளைப் பார்த்தபோது, அதே இடத்தில் ஆக்டின் மரபணுவும் ஹெச்எஸ்பி70 மரபணுவும் தனித்தனியே அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பூஞ்சையின் ஆர்என்ஏ தரவிலும் இரண்டையும் தாண்டிச் செல்லும் ஒரு வாசிப்புத் துண்டுகூட இல்லை. அடுத்தடுத்த இரண்டு மரபணுக்களைக் கணிப்பு நிரல் ஒன்றாகக் கோத்துவிட்டது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

என்னை உண்மையில் கலங்கவைத்தது இதுதான்: நான் எழுதவிருந்த முடிவு சரியானது, அதற்கு நான் காட்டவிருந்த சான்று முற்றிலும் பிழையானது. முடிவு சரியாக இருந்ததால்தான் சான்றைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பதிவை நீக்கியவுடன் ஐந்து தீவுகளும் தனித்தனியாகிவிட்டன. இப்போது படிகக்கண் ஐயா சொன்ன ஐந்து இடங்களை எப்படி வரைவது?

எழுத்துயரம்:

நீங்கள் கேட்பதற்கு விடை இணை லோகோ. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவி அதற்குரிய அளவுக்குப் பயன்படுத்தப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

1990-இல் ஷ்னைடரும் ஸ்டீபன்ஸும் தொடர் லோகோவை அறிமுகப்படுத்தினார்கள். அடுக்கி வைத்த தொடர்களில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் எழுத்துக் கோபுரம். அந்த இடம் எவ்வளவு மாறாமல் இருக்கிறதோ அவ்வளவு உயரம். இருபது அமினோ அமிலங்கள் என்பதால் உச்ச உயரம் 4.32 பிட். 2004-இல் ஷுஸ்டர்-பாக்லரும் உடனாசிரியர்களும் இதை மறை மார்க்கோவ் மாதிரிகளுக்கு (ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்பதைக் குறிக்கும் குடும்ப மாதிரிகளுக்கு) விரித்தார்கள். பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு குடும்பமும் அத்தகைய ஒரு மாதிரியாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், குடும்பத்தையே ஒரு லோகோவாகப் பார்க்க முடிந்தது. கோபுரத்தின் அகலமும் பொருள் பெற்றது, அந்த இடத்தைக் குடும்பத்து உறுப்பினர்கள் கடந்து செல்லும் நிகழ்தகவை அது காட்டும். 2005-இல் அதே ஷுஸ்டர்-பாக்லரும் பேட்மனும் இரண்டு மாதிரிகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டு லோகோக்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையும் முறையைத் தந்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் உள்ள ஒப்புமை என்பதை ஓர் எண்ணாகச் சுருக்காமல், எந்த இடத்தில், எந்த எழுத்தில் என்று காட்டும் படம் அது.

உங்கள் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். பாஸ்பேட் 1 குறுவடிவத்தில் ஹெச்எஸ்பி70-இல் வருவது அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின், கிளைசின், திரியோனின், திரியோனின். ஈ.கோலையின் எம்ரீ-பி-யில் அதே இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின், கிளைசின், திரியோனின், அலனின். மனித ஹெக்சோகைனேஸில் அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின், கிளைசின், கிளைசின், திரியோனின். ஆக்டினில் அஸ்பார்ட்டிக் அமிலம், அஸ்பரஜின், கிளைசின், செரின், கிளைசின். நான்கிலும் முதலாவதும் மூன்றாவதும் அசையவில்லை. இரண்டாவது இடத்தில் ஆக்டின் மட்டும் தனித்து நிற்கிறது. பாஸ்பேட் 2-க்கு வாருங்கள்: ஹெச்எஸ்பி70-இல் அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின், பிறகு மூன்று கிளைசின்; எம்ரீ-பி-யில் லியூசினுக்குப் பதில் ஐசோலியூசின், மற்றவை அப்படியே; ஆக்டினில் அஸ்பார்ட்டிக் அமிலம், செரின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், கிளைசின். இந்த இரண்டு இடங்களிலும் எம்ரீ-பி ஹெச்எஸ்பி70-இன் பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. "ஆக்டினுக்கு இணையான பாக்டீரியப் புரதம்" என்று நீங்கள் முதல் பதிவில் எழுதியது இழை கட்டும் வேலையைப் பொறுத்துச் சரி, ஆனால் இந்த எழுத்துகள் வேறொன்றையும் சொல்கின்றன. எந்த வலையமைப்புப் படத்திலும் இதைப் பார்க்க முடியாது.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கைகள். ஹெச்எஸ்பி70-இன் முன்பாதி மட்டுமே ஏடிபி சிதைக்கும் களம். பின்பாதி வேறு வேலைக்கானது. அதை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். மனித ஹெக்சோகைனேஸ் 1 ஒன்றையொன்று ஒத்த இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு புரதம் ஒரு கணு என்று வைத்தால் அங்கே கணக்குத் தவறும். களத்தைக் கணுவாக வைத்திருந்தால் உங்கள் பூஞ்சைக் கணுவும் முதலிலேயே இரண்டாகப் பிரிந்து அதனதன் தீவுக்குப் போயிருக்கும். மாதிரிகளை ஒப்பிடுவதற்கு 2005-இல் ஸோடிங் வெளியிட்ட ஹெச்ஹெச்சர்ச் நிரல் இன்றும் நம்பகமானது.

நிரல்வழி:

எழுத்துயரம் அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். 1,280 எண்களுள் எது அந்த கிளைசினைப் பார்த்தது என்று என்னால் காட்ட முடியாது. ஆனால் கட்டமைப்பை விட்டுவிடாதீர்கள். ஃபோல்ட்சீக் நிரல் ஒவ்வோர் அமினோ அமிலமும் தன் முப்பரிமாண அண்டையோடு கொள்ளும் உறவை 20 எழுத்துகளுள் ஒன்றாகக் குறித்து, கட்டமைப்பையே ஓர் எழுத்துத் தொடராக்கித் தேடுகிறது. ஐந்து குடும்பங்களுக்கும் கட்டமைப்புகள் இருக்கின்றன. 5 × 5 கட்டங்கள் கொண்ட அட்டவணையாக வரைந்து, மூலைவிட்டத்தின் மேல்பக்கம் மாதிரி ஒப்பீட்டின் மதிப்பையும் கீழ்பக்கம் கட்டமைப்பு ஒப்பீட்டின் மதிப்பையும் நிறச்செறிவாகக் காட்டலாம். அட்டவணைக்கு இரு பரிமாணச் சுருக்கம் தேவையில்லை, எனவே நான்முகிச் சிக்கலும் இல்லை.

படிகக்கண்:

ஐந்து குடும்பங்களுக்கு அட்டவணையே போதும், நல்ல யோசனை. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்க வேண்டாம். நிறம் பிரித்தறிய இயலாதவர்கள் ஒவ்வொரு தேர்வுக் குழுவிலும் இருக்கலாம். ஒரே நிறத்தின் செறிவு மாற்றம் கறுப்பு வெள்ளை அச்சிலும் நிற்கும்.

ஆய்வு_தொடக்கம்:

மூன்று பகுதிகளாக வரைந்துவிட்டேன்: களங்களைக் கணுவாகக் கொண்ட வலையமைப்பு நான்கு வெட்டுமதிப்புகளில், 5 × 5 அட்டவணை, பாஸ்பேட் 1-க்கும் பாஸ்பேட் 2-க்கும் ஐந்து லோகோக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. நெறியாளர் லோகோவின் முன் நெடுநேரம் நின்றார். எம்ரீ-பி-யின் ஐசோலியூசினை விரலால் தொட்டுக் காட்டி அவரே பேசத் தொடங்கிவிட்டார். முதல் பகுதிக்கான படவிளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "ஏடிபி சிதைக்கும் ஐந்து குடும்பங்களின் தொடர் ஒப்புமை வலையமைப்பு. ஒவ்வொரு கணுவும் ஒரு களம். பிட் மதிப்பெண் வெட்டுமதிப்பைத் தாண்டிய இணைகள் கோடுகளால் இணைக்கப்பட்டுள்ளன. கணுக்களுக்கு இடையிலான தொலைவு குடும்பங்களின் பரிணாமத் தொலைவைக் காட்டுகிறது." திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

வலைக்கணு:

கடைசி வாக்கியத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு, "கணுக்களின் இடம் வரைதல் நிரலால் தீர்மானிக்கப்பட்டது, நீளத்துக்கும் திசைக்கும் பொருள் இல்லை" என்று எழுதுங்கள். நான்கு வெட்டுமதிப்புகளையும் எண்களாகத் தாருங்கள். ஒவ்வொரு கோடும் எந்த எண் முதல் எந்த எண் வரை பொருந்துகிறது என்ற பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் நீக்கிய அந்தப் பூஞ்சைப் பதிவையும், நீக்கிய காரணத்தோடு, அதன் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.